431 மதிப்பெண்ணும் மூன்று பட்டியல்களும்

கேள்வி: ஐயா, வணக்கம். தாராவி தொண்ணூறு அடி சாலைப் பக்கம் குடியிருக்கிறோம். அப்பா 1988-இல் நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மும்பைக்கு வந்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமானார். நான் நவி மும்பையில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். தங்கை பத்தாம் வகுப்பு வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியிலும், பிறகு ஆங்கில வழியில் மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டத்திலும் படித்தாள். 2025 நீட் தேர்வில் 720-க்கு 431 எடுத்திருக்கிறாள். இந்த மதிப்பெண்ணுக்கு இங்கே அரசுக் கல்லூரி கிடைக்காது என்கிறார்கள். ஊரில் எங்களுக்கு எஸ்.சி. சான்றிதழ் உண்டு, மகாராஷ்டிரத்தில் அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஏஜென்ட் ஒருவர், மத்திய ஆசியாவில் 28 லட்ச ரூபாயில் மருத்துவம் முடிக்கலாம், இந்த வாரத்துக்குள் இரண்டு லட்சம் கட்டினால் இடம் உறுதி என்கிறார். ஊர் வீட்டை அடமானம் வைக்கலாமா? அல்லது இன்னொரு வருடம் படிக்க வைக்கலாமா? முடிவு வந்த நாளிலிருந்து தங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. அவளுடைய ஓ.எம்.ஆர். விடைத்தாளின் நகலை இணைத்திருக்கிறேன்.

— தாராவி வாசகர்

பதில்: தம்பி, இந்த வாரம் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம். இதை மட்டும் இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் மருத்துவம் படிக்க விரும்புகிறவர் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பது 2018 முதல் உள்ள விதி. அப்படிப் பெற்ற தகுதி, முடிவு வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். 2025-இல் தகுதிக்கோடு பொதுப் பிரிவுக்கே 144தான். உங்கள் தங்கை அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடுத்திருக்கிறார். ஆகவே, வெளிநாட்டுக்குப் போவதென்றால் 2028 வரை அவர் போகலாம். "இந்த வாரத்துக்குள்" என்ற அவசரம் ஏஜென்டுக்கு இருக்கலாம். உங்களுக்கு இல்லை.

அந்த 28 லட்சம் எதற்குப் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021-இல் வந்த விதிகளின்படி, வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும். படித்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் பெறும் தகுதியை அந்தப் பட்டம் தர வேண்டும். இவ்வளவும் முடித்துத் திரும்பினால், இங்கே தகுதித் தேர்வு ஒன்று காத்திருக்கிறது. 300-க்கு 150 எடுத்தால் தேர்ச்சி. அண்மை ஆண்டுகளில் நடந்த தேர்வுகள் பலவற்றில், எழுதியவர்களில் நான்கில் ஒரு பங்கினர்கூடத் தேறவில்லை. தேறிய பிறகு இந்தியாவில் இன்னொரு வருடப் பயிற்சி. ஏஜென்ட் காட்டும் விளம்பரத் தாளில் "தேசிய மருத்துவ ஆணையம் அங்கீகரித்த கல்லூரி" என்று இருந்தால், அந்த ஒரு வரிக்காகவே அவரிடமிருந்து விலகிவிடுங்கள். ஆணையம் எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் அப்படிப் பரிந்துரை தருவதில்லை. வெளிநாட்டில் படித்துத் திரும்பி நல்ல மருத்துவர்களாக இருப்பவர்கள் உண்டு; நான் அந்த வழியை இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் ஒற்றை வீட்டை அடமானம் வைத்து, ஒரு வாரக் கெடுவில் போகும் வழி அது இல்லை.

தங்கை சாப்பிடாமலும் பேசாமலும் இருப்பது என்னை மதிப்பெண்ணைவிட அதிகமாகக் கவலைப்படுத்துகிறது. இரண்டு மூன்று நாள் வருத்தம் இயல்பு. அது நீண்டுகொண்டே போனாலோ, "நான் இருந்து என்ன பயன்" என்பது போன்ற பேச்சு எழுந்தாலோ, இரவெல்லாம் விழித்திருந்தாலோ, கல்லூரி யோசனையெல்லாம் ஓரமாக இருக்கட்டும். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அவரைத் தனியாக விடாதீர்கள். அம்மாவையோ அத்தையையோ கூட இருக்கச் சொல்லுங்கள். உறவினர்கள் மதிப்பெண் விசாரிக்கும் தொலைபேசி அழைப்புகளையெல்லாம் சில நாட்களுக்கு நீங்களே எடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "431-க்குக் கிடைக்காது" என்று உங்களிடம் சொன்னவர்கள் ஒரு பட்டியலை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தங்கையின் பெயர் மூன்று பட்டியல்களில் வர முடியும். ஒவ்வொன்றிலும் அவருடைய நிலை வேறு. மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் அதிகமாக இழப்பது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் பட்டியல் மகாராஷ்டிரத்தினுடையது. அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 85 சதவீதம் மாநில ஒதுக்கீடு. பத்தாவதும் பன்னிரண்டாவதும் இங்கே படித்திருக்கிறார்; டொமிசைல் எனப்படும் வசிப்பிடச் சான்றும் இருந்தால் தங்கை விண்ணப்பிக்கலாம். ஆனால் பொதுப் பிரிவில்தான். "சான்றிதழ் இங்கே செல்லாது" என்று உங்களிடம் சொன்னது உண்மை. அது ஏதோ ஓர் அதிகாரியின் மனம்போன போக்கில் எழுந்ததும் இல்லை. ஆந்திராவிலிருந்து வேலைக்காக பம்பாய்க்கு வந்த ஒருவருடைய மகன், பழங்குடியினர் ஒதுக்கீட்டில் இதே நகரத்தில் மருத்துவ இடம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். பரேலில் உள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியின் டீன்தான் அந்த வழக்கில் எதிர்த்தரப்பு. 1990-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது: ஒரு சமூகம் எந்த மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறதோ அந்த மாநிலத்தைச் சார்ந்தே சலுகை, வேலைக்காக இடம்பெயர்ந்தால் அது கூடவே வராது. உங்கள் அப்பா தாதர் ஸ்டேஷனில் இறங்கியபோது சாதி அவரை விட்டு இறங்கிப்போய்விடவில்லை. சலுகை மட்டும் இறங்கிக்கொண்டது. இந்தத் தீர்ப்பு தாராவியின் பிள்ளைகளுக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் கருத்து. ஆனால் இன்றைய சட்டம் இதுதான். மகாராஷ்டிரத்தின் பொதுப் பட்டியலில் 431-க்கு அரசுக் கல்லூரியை எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாவது, மருத்துவக் கலந்தாய்வுக் குழு தில்லியிலிருந்து நடத்தும் அகில இந்திய ஒதுக்கீடு. நாடு முழுவதும் அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்களும், எய்ம்ஸ், ஜிப்மர் போன்றவையும் இதில் வருகின்றன. இங்கே 15 சதவீதம் எஸ்.சி. பிரிவுக்கு. நீங்கள் எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள் என்று இதில் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் பெற்ற சான்றிதழ் போதும். நீட் விண்ணப்பத்தில் எஸ்.சி. என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று மதிப்பெண் அட்டையில் பாருங்கள். குறிப்பிட்டிருந்தால் தயங்காமல் பதிவு செய்யுங்கள். இடம் கிடைத்தால் அது வடகிழக்கிலோ ஜார்க்கண்டிலோகூட இருக்கலாம். தங்கை அவ்வளவு தூரம் போவாரா என்பதை விருப்பப் பட்டியல் நிரப்பும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். பிந்தைய சுற்றுகளில் இடம் பெற்றுவிட்டுச் சேராமல் விட்டால் வைப்புத்தொகை திரும்ப வராது.

மூன்றாவது பட்டியலை உங்கள் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவே இல்லை. தமிழ்நாட்டின் பட்டியல். தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்துப் பிள்ளைகள் வெளி மாநிலத்தில் படித்திருந்தாலும் அங்கே மாநில ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. நேட்டிவிட்டி எனப்படும் பிறப்பிடச் சான்றும், பெற்றோரின் பூர்விகத்தைக் காட்டும் ஆவணங்களும் வேண்டும். அங்கே உங்கள் தங்கை எஸ்.சி. பிரிவில் எண்ணப்படுவார், 69 சதவீத இடஒதுக்கீட்டில் 18 சதவீதம் அந்தப் பிரிவுக்கு. அரசுக் கல்லூரிக் கட்டணமும் மிகக் குறைவு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு மட்டும் அவருக்குப் பொருந்தாது. அது ஆறாவது முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு.

ஒரே நேரத்தில் இரண்டு மாநிலங்களில் பூர்விகம் கோரக் கூடாது. இங்கே டொமிசைல் சான்றைக் காட்டி விண்ணப்பித்துக்கொண்டு அங்கேயும் நேட்டிவிட்டி காட்டினால் சேர்க்கையே ரத்தாகலாம். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் நிலையில் நான் தமிழ்நாட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன். மகாராஷ்டிரத்தின் பொதுப் பட்டியலை விடுவதால் இந்த மதிப்பெண்ணில் நீங்கள் இழப்பது அநேகமாக ஒன்றுமில்லை. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு இந்தத் தடை கிடையாது; எந்த மாநிலத்தோடும் சேர்த்து அதில் பதியலாம்.

தமிழ்நாட்டில் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கிடைக்குமா என்று பார்க்காமலே வீட்டை அடமானம் வைக்காதீர்கள் என்கிறேன். எப்படிப் பார்ப்பது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சென்ற ஆண்டு எஸ்.சி. பிரிவில் கடைசி இடம் எத்தனை மதிப்பெண்ணுக்குப் போனது என்று தேடுவீர்கள். அந்த எண் உங்களைப் பயமுறுத்தும். அதை நம்பாதீர்கள். 2024-இல் முழு 720 எடுத்தவர்களே பலர். 2025-இல் நாட்டிலேயே முதலிடம் 686தான், இயற்பியல் தாள் அவ்வளவு கடினம். இந்த ஆண்டின் 431-ஐச் சென்ற ஆண்டின் 431-உடன் ஒப்பிட முடியாது. தரவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கையின் அகில இந்தியத் தரவரிசை எண் மதிப்பெண் அட்டையிலேயே இருக்கிறது. சென்ற ஆண்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் தமிழ்நாட்டு எஸ்.சி. பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் அகில இந்தியத் தரவரிசை என்ன என்று பாருங்கள். அதுதான் நம்பத்தக்க அளவுகோல்.

காலம் குறைவு. தமிழ்நாட்டின் விண்ணப்பம் நீட் முடிவை ஒட்டித் திறந்து சில வாரங்களில் மூடிவிடும். கடைசித் தேதியை இன்றே பாருங்கள். தங்கையின் பெயரில் சாதிச் சான்றிதழ் இருக்கிறதா, அப்பா பெயரில் மட்டும்தானா என்பது அடுத்த கேள்வி. அவர் பெயரிலேயே வேண்டும். அப்பாவின் சான்றிதழ், அவர் ஊரில் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், அவருடைய இறப்புச் சான்று, தங்கையின் பிறப்புச் சான்று, ஊரில் வீடு இருப்பதால் அதன் பத்திரமும் வரி ரசீதும், ஊர் ரேஷன் அட்டையில் பெயர் இருந்தால் அதன் நகல் எல்லாவற்றையும் சேருங்கள். இ-சேவை வழியாக விண்ணப்பித்தாலும், வெளி மாநிலத்தில் வாழும் குடும்பம் என்றால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் கேள்வி கேட்பார்கள். பெரியப்பாவையோ சித்தப்பாவையோ மட்டும் நம்பிக் காகிதத்தை அனுப்பாமல், நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் நீங்களே போய் நாங்குநேரி வட்டாட்சியர் அலுவலகத்தில் நில்லுங்கள். கிடங்கில் விடுப்புக் கேட்பது சிரமம் என்று தெரியும். இந்த ஒரு விடுப்புக்குப் பொருள் இருக்கிறது. இந்த ஆண்டு இடம் கிடைக்காவிட்டாலும், இந்தச் சான்றுகள் அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்கு அப்படியே உதவும்.

விண்ணப்பித்த பட்டியல்கள் எதிலும் இடம் இல்லையென்றால் இன்னொரு வருடம் படிக்கலாமா? இதற்குப் பதில் சொல்ல விடைத்தாள் நகலை இறுதி விடைக்குறிப்போடு வைத்து ஒவ்வொரு வினாவாகப் பார்த்தேன். 180 வினாக்களில் 119 சரி, 45 தவறு, 16 விடுபட்டவை. உயிரியலில் 360-க்கு 268, வேதியியலில் 180-க்கு 98, இயற்பியலில் 180-க்கு 65.

"தெரியாததை ஊகித்து எழுதாதே, நெகட்டிவ் மதிப்பெண் போய்விடும்" என்று எல்லோரும் அவரைக் கடிந்துகொள்வார்கள். கணக்கைப் பாருங்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று குறையும். கண்ணை மூடிக்கொண்டு நான்கு வினாக்களை ஊகித்தால் சராசரியாக ஒன்று சரியாகும்: நான்கு வரும், மூன்று போகும். அதில் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. உண்மையான இழப்பு, தெரியும் என்று நம்பித் தவறாக எழுதிய வினாக்களில் இருக்கிறது. உயிரியலில் 16 தவறு. அவற்றில் பாதிக்கு மேல் மத்திய அரசு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் பாடநூலின் வரியிலிருந்தே எடுக்கப்பட்டவை. ஒரு வார்த்தை மாறினால் விடை மாறும். உங்கள் தங்கை படித்தது மகாராஷ்டிர மாநிலப் பாடநூல். பாடம் அவருக்குத் தெரிந்திருக்கிறது, அந்த வரி தெரியவில்லை. மாநிலப் பொதுத்தேர்வு மார்ச்சில் முடிந்து, நீட் மே 4-இல் வந்துவிட்டது. இடையில் இருந்த வாரங்களில் இன்னொரு பாடநூல் வரிசையை முழுவதும் படிப்பது யாராலும் ஆகாது. இந்தத் தவறுகளில் 12 சரியானால், நான்கும் வந்து, போன ஒன்றும் திரும்பி, 60 மதிப்பெண் கூடும்.

இயற்பியலில் விடுபட்ட பத்தும் வரிசையாக, கடைசிப் பகுதியில் இருக்கின்றன. கடினமான வினாக்களில் நின்று நேரத்தைச் செலவழித்துவிட்டு, மிச்சத்தைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். இது பயிற்சியில் சரியாகும். எழுதிய 35-இல் 15 தவறு என்பது வேறு. அதற்கு இயக்கவியலிலும் மின்னியலிலும் அடியிலிருந்து ஆசிரியர் ஒருவர் சொல்லித்தர வேண்டும். வேதியியல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இந்த விடைத்தாளைப் பார்த்த பிறகு சொல்கிறேன்: இது திறமை இல்லாதவருடைய தாள் இல்லை. நேரமும் சரியான புத்தகமும் கிடைக்காதவருடைய தாள். இன்னொரு முறை எழுதினால் உயர்வதற்கு இதில் இடம் இருக்கிறது. எத்தனை உயரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அடுத்த ஆண்டுத் தாள் எப்படி இருக்கும் என்பது யார் கையிலும் இல்லை.

ஆனால் ஒரு வருடம்தான். நீட் எழுதுவதற்கு இத்தனை முறை என்ற வரம்பு இல்லை. அதிகபட்ச வயதையும் 2022-இல் நீக்கிவிட்டார்கள். இந்தத் தாராளம் பிள்ளைகளுக்கு நன்மை செய்ததைவிடத் தீமை செய்ததே அதிகம் என்று நான் நினைக்கிறேன். நான்காவது, ஐந்தாவது முறை எழுதிக்கொண்டு, இருபத்து மூன்று வயதிலும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தோடு அறைக்குள் இருக்கும் பிள்ளைகளை நான் சந்திக்கிறேன். தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்: இரண்டாம் முறைக்குப் பிறகு மூன்றாம் முறை இல்லை. அதைத் தண்டனையாகச் சொல்லாதீர்கள். இருவரும் சேர்ந்து எடுக்கும் தீர்மானமாக இருக்கட்டும்.

எங்கே படிப்பது? ஆயிரக்கணக்கில் ஆள் சேர்க்கும் பயிற்சி மையத்தில் முழுக் கட்டணம் கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உயிரியலுக்கு ஆசிரியரைவிடப் புத்தகம் முக்கியம். இயற்பியலுக்கு மட்டும் ஒரு நல்ல ஆசிரியரைத் தேடுங்கள். டிசம்பரிலிருந்து வாரம் ஒரு முழுமாதிரித் தேர்வு எழுதும் வசதியைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு மாதிரித் தேர்விலும், உறுதியில்லாமல் விடையளித்த வினாவுக்குப் பக்கத்தில் வினாத்தாளில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். திருத்தும்போது, புள்ளி இல்லாத தவறுகள் எத்தனை என்று எண்ணட்டும். அந்த எண் மாதாமாதம் குறைகிறதா என்பதுதான் முன்னேற்றத்துக்கு அடையாளம். பத்துக்குப் பத்து அறையில் நால்வர் இருக்கும் வீட்டில் படிப்பது கடினம். உங்கள் பகுதியில் அப்யாசிகா எனப்படும் பொதுப் படிப்பு அறை எங்கே இருக்கிறது, பெண்களுக்குத் தனி நேரமோ தனி அறையோ உண்டா என்று விசாரியுங்கள். இரவில் திரும்பும்போது நீங்கள் போய் அழைத்து வாருங்கள்.

மொழியைப் பற்றியும் ஒன்று. நீட் வினாத்தாள் தமிழிலும் உண்டு. ஆனால் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிகோபார் மையங்களில்தான் அது கிடைக்கும். மும்பையில் எழுதினால் கிடைக்காது. தமிழ்த் தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். பத்தாவது வரை தமிழில் படித்தவர் என்பதால், நீண்ட கூற்று வினாக்களில் ஆங்கில வாக்கியம் அவரைத் தடுமாற வைக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால், அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் திருநெல்வேலியையோ நாகர்கோவிலையோ மையமாகத் தரலாம்.

கேளுங்கள் என்று சொல்லும்போதுதான் உறுத்துகிறது. உங்கள் கடிதத்தில் அப்பா எங்கிருந்து வந்தார் என்று இருக்கிறது, ஏஜென்ட் என்ன சொன்னார் என்று இருக்கிறது, தங்கை என்ன விரும்புகிறார் என்று ஒரு வரியும் இல்லை. உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்பா இடத்தில் நின்று சுமக்கிறீர்கள். ஆனால் படிக்கப்போகிறவர் அவர். மருத்துவர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசையா, வீட்டின் ஆசையா? நோயாளியின் பக்கத்தில் இருந்து பணிசெய்வதுதான் அவரை ஈர்க்கிறது என்றால் பி.எஸ்சி. நர்சிங்கும் பிசியோதெரபியும் அதே பணிதான். மகாராஷ்டிரத்தில் நர்சிங்குக்குத் தனி நுழைவுத்தேர்வு நடக்கிறது. உயிரியல்தான் பிடிக்கும் என்றால் அதற்கு வேறு பட்டப்படிப்புகள் இருக்கின்றன. சித்த மருத்துவத்தில் மனம் இருந்தால், 1964 முதல் நடக்கும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி உங்கள் சொந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. இதே நீட் மதிப்பெண்ணில் அதற்கும் விண்ணப்பிக்கலாம். எம்.பி.பி.எஸ். கிடைக்காததால் மட்டும் இவற்றில் சேர வேண்டாம். விருப்பம் இருந்தால் சேரட்டும்.

விடைத்தாளில் நான் குறித்த தவறுகளை, பாடநூலின் எந்த அத்தியாயத்தில் விடை இருக்கிறது என்ற குறிப்போடு தனியாக அனுப்பியிருக்கிறேன். அதைத் தங்கையிடம் கொடுங்கள். அவருக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் அவரே எனக்கு எழுதட்டும். தமிழ்நாட்டுச் சான்றுகள் கிடைத்ததும், கிடைக்காவிட்டால் எந்தக் காகிதத்தில் சிக்கல் என்றும், நீங்கள் எழுதுங்கள்.